இரு நகரங்களுக்கு இடையிலான விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் கணிப்பது எப்படி?

உலக வரைபடத்தில் இரண்டு நகரங்களை அளவுகோல் வைத்து இணைத்தால் கிடைப்பது விமானத் தொலைவு அன்று. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பு இழுபட்டுப் பெரிதாகத் தெரிவதால், தாளில் நேராக இருக்கும் கோடு பூமியின் மேல் சுற்றுவழியாகிவிடுகிறது. பூகோள உருண்டை கையில் இருந்தால் இரு நகரங்களுக்கு இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் படியும் வழியே பெருவட்டப் பாதை, அதுவே மிகக் குறுகிய தொலைவு.

கணக்கிடுவதற்கு இரு நகரங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். தெற்கு, மேற்கு ஆகியவற்றுக்குக் குறை எண் இட மறக்கக் கூடாது. அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி, அதனோடு அவற்றின் கோசைன்களையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் பெருக்கி வரும் எண்ணைக் கூட்டினால், பூமியின் மையத்தில் அந்நகரங்கள் உண்டாக்கும் கோணத்தின் கோசைன் கிடைக்கும். கணிப்பானில் அதன் நேர்மாறு கோசைனை (cos⁻¹) எடுத்தால் கோணம் பாகையில் வரும். கோணத்தின் ஒவ்வொரு பாகையும் ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். லண்டனுக்கு வடக்கு 51.5, மேற்கு 0.1 என்றும், நியூயார்க்குக்கு வடக்கு 40.7, மேற்கு 74.0 என்றும் கொண்டால், கோணம் சுமார் 50.1 பாகை, தொலைவு ஏறத்தாழ 5,570 கிலோமீட்டர்.

நேரத்தைக் கணிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்றாலும், அது காற்றைப் பொறுத்த வேகமே தவிர தரையைப் பொறுத்த வேகம் அன்று. வட அட்லாண்டிக்கின் மேல் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அது மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், லண்டன் நோக்கிய விமானத்தின் தரைவேகம் 1,000, நியூயார்க் நோக்கியதன் தரைவேகம் 800. ஏறவும் இறங்கவும் ஆகும் தாமதத்துக்கு அரை மணி சேர்த்தால், ஒரே தொலைவுக்கு ஒரு திசையில் சுமார் 6 மணி நேரமும் மறுதிசையில் ஏறக்குறைய ஏழரை மணி நேரமும் ஆகின்றன. ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் இதற்கு மேல் என்பதால், கால அட்டவணையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே காண்பீர்கள்.

பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். அவற்றை நேரடியாகக் கழிக்கக் கூடாது. குளிர்காலத்தில் நியூயார்க்கில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு லண்டனில் மறுநாள் காலை 8 மணிக்கு இறங்கினால், 12 மணி நேரம் என்று தோன்றும். நியூயார்க் 5 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் புறப்பட்டபோது லண்டனில் நள்ளிரவு 1 மணி. ஆகவே பயணம் 7 மணி நேரமே. கோடைகால நேரமாற்றம் இரு நாடுகளிலும் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதால், ஆண்டில் சில வாரங்கள் இந்த வேறுபாடு 4 மணி நேரமாகக் குறையும். பயண நாளுக்குரிய வேறுபாட்டைப் பார்த்த பின்னரே கழியுங்கள்.

இடையில் விமானம் மாற வேண்டியிருந்தால் ஒவ்வொரு கட்டத்தின் தொலைவையும் பயண நேரத்தையும் தனித்தனியே கணித்துக் கூட்டி, நேரத்தோடு காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.