ஊதுபத்தி காட்டிக்கொடுத்த ஓட்டை

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம், தகரக் கூரை வீடு. குடிவந்த முதல் ஜனவரியிலேயே வெலவெலத்துப் போனோம். விடிந்து பார்த்தால் கேரட் தோட்டத்தின் மேல் உப்பைக் கொட்டியதுபோல உறைபனி. வீட்டுக்குள் பேசினாலும் வாயிலிருந்து ஆவி வந்தது.

முதலில் கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். மடத்தனம். தலை கனத்து, குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "தம்பி, கதவைத் திறங்க! மூடின ரூம்ல கரி வெச்சா தூங்குறவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க" என்று அடுப்பை வெளியே வைக்கச் சொன்னார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது.

சரி, சூடு உண்டாக்குவதை விட்டுவிட்டு, குளிர் எங்கே நுழைகிறது என்று பார்த்தேன். காற்றடித்த ஓர் இரவில் ஊதுபத்தியைக் கொளுத்தி, சுவரோரமாக மெதுவாக நகர்த்தினேன். நேராக எழும்பிய புகை, வாசற்கதவின் அடியில் சட்டென்று உள்பக்கம் சாய்ந்தது. விரல் நுழையும் இடைவெளி. அப்புறம் சுவரும் தகரத்தின் வளைவுகளும் சேரும் இடமெல்லாம் அதே கதைதான்.

வளைவுகளைச் சிமென்ட் கலவையால் அடைத்தேன். கதவடிக்கு, பழைய புடவையைக் குழாய்போலத் தைத்து மணல் நிரப்பிய உருளை. படுக்கையறையில் தகரத்துக்கு ஓரடி கீழே பிளைவுட் அடித்ததும், மூச்சின் ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிப் போர்வைமேல் சொட்டிக்கொண்டிருந்ததும் நின்றது. சமையலறை ஜன்னலை மட்டும் அடைக்கவில்லை. விறகுப் புகை போக வேண்டுமே.

இப்போது இரவில் ஒரு கம்பளி போதும். குளிக்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.