பெட்டை நாயை வாரத்துக்கு வாங்குகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஆடு, மாட்டை வாரத்துக்கு விடுவது டெல்டாவில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஒருவர் கிடேரியைக் கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், ஈத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று இன நாய் வளர்க்க வருகிற புதியவருக்கும் இது நல்ல வழிதான். கையில் பெரிய பணம் இல்லாமலே நல்ல வம்சத்துப் பெட்டை கிடைக்கும், கூடவே சொல்லித்தர, அந்த நாயைக் கொடுக்கும் மூத்த வளர்ப்பாளரும் கிடைப்பார்.

ஆனால் மாட்டுக்கு இருக்கிற ஊர்க்கணக்கு நாய்க்குக் கிடையாது. சிசேரியன் செலவு யாருடையது, ஒரே குட்டி பிறந்தால் யாருக்கு, பெட்டை செத்துப்போனால் என்ன செய்வது? கேட்டால் ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். நாய் கைமாறுவதற்கு முன்பே இவற்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

படி 1: மூத்தவரைத் தேர்ந்தெடுப்பது

அவருடைய இடத்துக்குக் குறைந்தது மூன்று முறை போங்கள். அதில் ஒரு முறை ஐப்பசி, கார்த்திகை மழையில் இருக்கட்டும். தரை காய்ந்திருக்கும்போது எல்லாக் கூண்டும் சுத்தமாகத்தான் தெரியும். மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, குட்டிகள் எதன் மேல் படுத்திருக்கின்றன, காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து அவருடைய நோட்டைக் கேளுங்கள். எந்தப் பெட்டை எந்தத் தேதியில் சேர்ந்தது, எத்தனை குட்டி, எத்தனை செத்தது என்று எழுதி வைத்திருப்பவரிடம்தான் கற்றுக்கொள்ள முடியும். "எல்லாம் மனசுல இருக்கு தம்பி" என்பவர் அன்பானவராக இருக்கலாம், ஆனால் பாடம் கிடைக்காது.

ராஜபாளையமாக இருந்தால், "காது கேட்காத குட்டி எத்தனை பிறந்தது?" என்று நேராகக் கேளுங்கள். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிடு இந்த இனத்தில் தெரிந்த விஷயம். ஒன்றுகூடப் பிறக்கவில்லை என்று அடித்துச் சொல்பவரைவிட, இந்த ஜோடியில் இரண்டு வந்தது, மறுபடி சேர்க்கவில்லை என்பவரை நம்பலாம்.

சோதிக்கும் முறையையும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். குட்டிக்கு ஏறக்குறைய 14ஆம் நாளில் காது திறக்கும். 40 நாள் வாக்கில் ஒரு குட்டியை மட்டும் தனி அறையில் தூங்க விட்டு, பின்பக்கமிருந்து சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். கூட்டத்தோடு சோதித்தால் பக்கத்துக் குட்டி எழுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும். காற்றும் அதிர்வும் அதன் மேல் படக்கூடாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதற்குக் கருவிச் சோதனைதான் வேண்டும்.

படி 2: நாய் வாங்குவதற்கு முன் ஒரு ஈத்து கூட இருப்பது

சேர்க்கை, பிரசவம், முதல் 10 நாள் பராமரிப்பு மூன்றையும் மூத்தவர் வீட்டில் ஒரு முறையாவது பாருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இதற்குக் கூலி உண்டா, நாயின் விலையோடு சேர்ந்ததா என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். "நான் சொல்லிக்கொடுத்தேன், அதனால் ஒரு குட்டி அதிகம் வேண்டும்" என்ற பேச்சு பின்னால் வருவது இதைப் பேசாமல் விட்டதால்தான்.

படி 3: காலக்கணக்கு போடுவது

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 18 மாதம் நிறையாத நாயைச் சேர்க்கக்கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துதான், வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, 8 வயதுக்கு மேல் பெட்டையைச் சேர்க்கக்கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது. குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் பாருங்கள். 2 மாதக் குட்டியாக வாங்குகிறீர்கள், இரண்டு ஈத்தில் பங்கு கொடுத்து முடித்தால் பெட்டை உங்களுடையது. முதல் ஈத்து சீக்கிரம் என்றாலும் பெட்டைக்கு 20 மாதத்தில், இரண்டாவது 32 மாதத்தில். குட்டியைக் கொடுக்கும்போது பெட்டைக்கு 34 மாதம். ஆக இது 32 மாத ஒப்பந்தம். "ஒன்றரை வருஷத்துல முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால், பெட்டையை உடம்பு தேறவிடாமல் சேர்க்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள்.

மழையையும் கணக்கில் வையுங்கள். கர்ப்பம் சுமார் 63 நாள். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை சேர்த்தால் பிரசவம் வடகிழக்குப் பருவமழையில் விழும். கரண்ட் போய், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் இரவில் டாக்டர் வந்து சேர மாட்டார். அந்த ஹீட்டை, அதாவது பெட்டை சேர்க்கைக்குத் தயாராகும் பருவத்தை, சேர்க்காமல் விட்டுவிட யாருக்கு உரிமை என்பதையும் பத்திரத்தில் எழுதுங்கள். எங்கள் கருத்தில் அது வளர்ப்பவருக்கே இருக்க வேண்டும். ராத்திரி விழித்திருக்கப் போவது அவர்தான்.

படி 4: பத்திரம் எழுதுவது

"நம்மில் 1 இலக்கமிட்டவர்" என்ற பத்திர நடை வேண்டாம். "கொடுப்பவர்", "வளர்ப்பவர்" என்று எழுதினால் இரண்டு பேருக்கும் படித்தவுடன் புரியும். முத்திரைத்தாளில், இரண்டு சாட்சிகளோடு, ஆளுக்கொரு பிரதி. இரண்டு பேரும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது. கல்லூரிக்குப் போகும் பையன்கள் நிறைய இதில் இறங்குவதால் இதைச் சொல்கிறோம்.

முதல் பத்தியில் நாயின் அடையாளம்: இனம், நிறம், பிறந்த தேதி, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண், கென்னல் கிளப் (இன நாய்களைப் பதிவு செய்யும் சங்கம்) பதிவு இருந்தால் அந்த எண். அப்புறம் தகராறு வரக்கூடிய இடங்கள். இப்படி எழுதலாம்:

"தீனி, தடுப்பூசி, உண்ணி மருந்துச் செலவு வளர்ப்பவருடையது. சிசேரியன் செலவு ஆளுக்குப் பாதி. சிசேரியன் அவசியம் என்று கால்நடை மருத்துவர் சொன்னால் கொடுப்பவரைக் கேட்காமலே வளர்ப்பவர் செய்துகொள்ளலாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். போன் எடுக்கட்டும் என்று காத்திருந்த ஒரு மணி நேரத்தில் குட்டியும் போகும், சில சமயம் தாயும் போகும்.

"பங்குக்கு எண்ணும் குட்டிகள், பிறந்து 7ஆம் நாள் காலையில் உயிரோடு இருப்பவை மட்டும். ஒரே குட்டி இருந்தால் அது வளர்ப்பவருக்கு. அந்த ஈத்து கணக்கில் சேராது."

ஏன் 7ஆம் நாள்? குட்டிச் சாவு பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். பிறந்த அன்றே ஆறு குட்டி என்று எண்ணிப் பங்கு பேசினால், மூன்றாம் நாள் இரண்டு செத்ததும் யார் பங்கிலிருந்து கழிப்பது என்று சண்டை வரும்.

"கொடுப்பவர் 49ஆம் நாளில் நேரில் வந்து முதல் தேர்வுக் குட்டியைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் அந்த உரிமை வளர்ப்பவருக்குப் போகும். குட்டி கைமாறுவது 56 நாள் முடிந்த பிறகே."

பெட்டை செத்தால் என்ன என்பதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். நோயாலோ பிரசவத்திலோ செத்து, மருத்துவர் சீட்டு இருந்தால் யாரும் யாருக்கும் பாக்கியில்லை. அவிழ்த்துவிட்டு வண்டியில் அடிபட்டாலோ, தடுப்பூசி போடாமல் பார்வோ வைரஸ் நோயில் போனாலோ, முன்பே எழுதிய தொகையை வளர்ப்பவர் தர வேண்டும். அந்தத் தொகை நாயின் உண்மையான விலையை ஒட்டி இருக்கட்டும். மிரட்டலுக்காகப் பல லட்சம் எழுதிப் பயனில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம், எழுதிய தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். அதேபோல "இனி எப்போதும் வேறு யாரிடமும் நாய் வாங்கி வளர்க்கக்கூடாது" என்பது போன்ற வரியும் நிற்காது. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 27ஆம் பிரிவு.

ஆண் நாய் வேறொருவருடையது என்றால் அதற்குத் தனித் தாள். சேர்க்கைக் கூலி பணமா குட்டியா, சினை நிற்கவில்லை என்றால் அடுத்த தகுதியான ஹீட்டில் இலவசமாக உண்டா, இடையில் அந்த ஆண் நாய் செத்துவிட்டால் பணம் திரும்புமா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

படி 5: சேர்க்கை

சேர்ப்பதற்கு முன் இரண்டு நாய்க்கும் மருத்துவர் சான்றும் புரூசெல்லா இரத்தப் பரிசோதனையும் வேண்டும். புரூசெல்லா சினையைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் பாருங்கள். வயலும் எலி வளையும் சூழ்ந்த ஊர்களில் அதைத் தவிர்க்க முடியாது.

பெட்டையை ஆண் நாய் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதே வழக்கம். இரத்தம் தெரிந்த முதல் நாளைக் குறித்து வைத்து, 10 முதல் 14 நாளுக்குள் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை விடுவார்கள். சினை நிற்காததற்கு முக்கியக் காரணம் நாள் தவறுவதுதான். சில பெட்டைகள் 7ஆம் நாளிலும், சில 18ஆம் நாளிலும் தயாராகும். இரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைப் பரிசோதித்தால் நாளைச் சரியாகப் பிடிக்கலாம். அந்த வசதி எங்கே இருக்கிறது என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரியுங்கள். பூட்டிக்கொண்ட நாய்களைப் பிரிக்காதீர்கள். 10 முதல் 30 நிமிடத்தில் தானே விடும்.

படி 6: பிரசவமும் மூத்தவரின் போனும்

55 நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று தெரியும். 57ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பநிலை எடுத்து எழுதுங்கள். வழக்கமாக 38 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இருப்பது 37.2க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி வரும். அப்போது மூத்தவருக்குப் போக வேண்டிய செய்தி இப்படி இருக்கட்டும்: "அண்ணே, 60ஆம் நாள். காலையில 37.9, இப்போ 36.9. தரையைப் பிராண்டுது. எக்ஸ்ரேல அஞ்சு." அவர் உடனே யோசிக்கத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது. "ஒரு மாதிரியா இருக்குண்ணே" என்றால் அவர் கேள்வி கேட்பதிலேயே அரை மணி போய்விடும்.

அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் 2 மணி நேரத்துக்கு மேல் ஆனால், முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சைத் திரவம் வந்தால், மூத்தவருக்கு முன் டாக்டருக்குப் போன் போட வேண்டும். மூத்தவரே சொன்னாலும் ஆக்ஸிடோசின் ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். குட்டி குறுக்கே சிக்கியிருந்தால் கருப்பை கிழிந்துவிடலாம். சினைக்காலத்தில் கால்சியம் டானிக் கொடுப்பதும் வேண்டாம். உடம்பு தன் கால்சியத்தை எடுக்கும் பழக்கத்தை விட்டு, பால் கொடுக்கும்போது வலிப்பு வரலாம்.

குட்டிகளுக்கு வெவ்வேறு நிற நூல் கட்டி, தினமும் ஒரே நேரத்தில் நிறுங்கள். முதல் நாள் சற்றுக் குறையலாம். பிறகு தினமும் ஏற வேண்டும், 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே மூத்தவருக்குச் சொல்லுங்கள். கண்ணுக்கு மெலிந்து தெரியும்போது காலம் கடந்திருக்கும். முதல் வாரம் குட்டி படுக்கும் இடத்தில் 29 முதல் 32 டிகிரி சூடு வேண்டும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள், குட்டி விலகிப் போக இடம் விட்டு.

படி 7: கணக்கை முடிப்பது

பங்குக் குட்டியைக் கொடுக்கும்போது சிப் எண், குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள், தடுப்பூசி அட்டை, எடை நோட்டின் நகல் நான்கும் கூடப் போக வேண்டும். பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தின் பின்பக்கத்திலேயே தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடைசிக் குட்டி கைமாறும் அன்றே, பெட்டையின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றும் படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குட்டியை வாங்கிக்கொண்டு போன பிறகு, "அடுத்த தடவை வரும்போது போட்டுத் தர்றேன் தம்பி" என்ற பேச்சு நல்லெண்ணத்தோடு சொன்னதாகவே இருந்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை பதிவேட்டில் நாய் அவருடையதாகவே இருக்கும், உங்கள் அடுத்த ஈத்தைப் பதிவு செய்யவும் முடியாது.