கராஜ், கடை, அரிசி ஆலை: யாழ்ப்பாணத்தில் சுற்றாடல் விதிகளோடு ஒத்துப்போவது எப்படி?

புதிதாகத் தொழில் தொடங்கியவர்களிடம் வியாபாரப் பதிவு இருக்கும், சபையின் வியாபார அனுமதியும் இருக்கும். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்டால்தான் முகம் மாறும். "அது பெரிய ஃபக்டரிக்காரருக்கு" என்பார்கள். இல்லை. கராஜ், அரிசி ஆலை, மரவேலைக் கூடம், ஐந்தாறு அறை வைத்த விருந்தினர் விடுதி எல்லாம் அந்தப் பத்திரம் எடுக்க வேண்டிய தொழில்களின் பட்டியலில் வரும். இன்னொரு வகையினர் பத்திரத்தை ஒழுங்காக எடுத்து, பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். பிறகு விதி மாறும், பத்திரம் காலாவதியாகும், பிரேம் மட்டும் அப்படியே தொங்கும்.

இந்த விளக்கம் இரண்டு வகையினருக்கும். உதாரணத்துக்கு ஒரு வாகன சேர்விஸ் ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து நிலத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய தொழில் அது என்பது என் எண்ணம்.

படி 1: உங்கள் தொழில் எந்தப் பகுதியில் வருகிறது?

அடிப்படை, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். எந்தெந்தத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை வர்த்தமானியில் பட்டியலாக வெளியிடுவார்கள். 2008 ஜனவரி 25ஆம் திகதி வந்த 1533/16 இலக்க அதிவிசேட வர்த்தமானி, மாசு உண்டாகும் அளவைப் பார்த்துத் தொழில்களை ஏ, பி, சீ என்று மூன்று பகுதியாகப் பிரித்தது. ஏ, பி என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் போக வேண்டும். சீ என்றால் உங்கள் உள்ளூராட்சி மன்றம். 2022 ஜனவரியில் பட்டியலைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆகவே பழைய போட்டோகொப்பியை யாராவது தந்தால் வாங்கி வைக்கலாம், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

தொழிலின் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. நெல்லை உலர்வாகவே குற்றும் ஆலையும், ஊறவைத்து அவித்துப் புழுங்கலரிசி எடுக்கும் ஆலையும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. இரண்டாவதில் கழிவுநீர் வருகிறது. அதேபோல 2008 பட்டியலில், பழுது மட்டும் பார்க்கும் கராஜ் சீ பகுதியில் இருந்தது. அதே கராஜில் ஸ்பிரே பெயின்ற் அடித்தால் அந்தப் பதிவுக்குள் அடங்காது. ஆகவே பிரதேச செயலகத்திலுள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் போகும்போது "கராஜ் போடப் போறன்" என்று மட்டும் சொல்லாமல், என்னென்ன வேலை செய்வீர்கள், எத்தனை பேர், என்ன இயந்திரம், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

படி 2: தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே மெல்லிய மண், கீழே வெடிப்பும் பொந்துமான பாறை, அதற்குள்தான் நாம் குடிக்கும் கிணற்றுத் தண்ணீர். வழுக்கை ஆற்றை விட்டால் ஆறு என்று சொல்ல எதுவுமில்லை. கழிவை ஒரு கிடங்கில் விட்டால் அது ஆற்றோடு அடித்துக்கொண்டு போகாது. பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற அடிப்படையில் தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னார்கள்.

சரி, சேர்விஸ் ஸ்டேஷனுக்கு வருவோம். வாகனம் கழுவும் தளம் சீமெந்தாக இருக்க வேண்டும், எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே கானுக்குத் தண்ணீர் வடிய வேண்டும். மழைத் தண்ணீர் அந்தக் கானுக்குள் வரக்கூடாது. வந்தால் மாரியில் தொட்டி நிரம்பி எண்ணெய் முற்றத்தில் மிதக்கும். கானிலிருந்து முதல் தொட்டியில் மணலும் சேறும் அடியில் தங்கும். இரண்டாவதில் எண்ணெய் மேலே மிதக்கும். மூன்றாவதுக்குப் போகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலே மிதக்கும் எண்ணெய் அந்தப் பக்கம் தாண்டாது. அந்த வளைவு கழன்று விழுந்த தொட்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். ஆகவே தொட்டியைப் பார்க்கும்போது முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, நுரை அதிகம் வரும் சவர்க்காரத்தை அள்ளிக் கொட்டினால் எண்ணெய் பொடிப்பொடியாகத் தண்ணீரோடு கலந்துவிடும். பிறகு எத்தனை தொட்டி கட்டினாலும் அது பிரியாது. 2008 விதிகளில், மேற்பரப்பு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிறீஸும் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இருந்தது. அந்த அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுகூட அறிக்கைதான் வேண்டும்.

வடித்தெடுத்த கழிவு ஒயிலை என்ன செய்வது? ஊரில் பனஞ்சலாகைக்குப் பூசக் கேட்டு வருவார்கள், கறையான் பிடிக்காதாம். கொடுக்காதீர்கள். கழிவு ஒயில், பழைய பற்றரி போன்றவை சட்டத்தில் தனி அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானவை என்று தனியாகப் பட்டியலிட்ட கழிவு. அவற்றைச் சேகரிக்க அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். எத்தனை லீற்றர், எந்தத் திகதி, யார் எடுத்தார் என்ற பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். அதுவரை பீப்பாயைக் கூரையின் கீழ், சுற்றிச் சிறு வரம்பு கட்டிய சீமெந்துத் தளத்தில் வைக்கலாம்.

படி 3: கட்ட முதல் கேளுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்

காணி உறுதி, இட வரைபடம், கட்டட வரைபடம், வியாபாரப் பதிவு, கழிவு முகாமைத் திட்டம். இவற்றோடு கட்டட வேலை தொடங்க முதலே, அந்த இடம் இந்தத் தொழிலுக்குப் பொருந்தும் என்ற சுற்றாடல் சிபாரிசைக் கேளுங்கள். கட்டி முடித்தபின் "கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது, தொட்டியை மாற்று" என்று சொன்னால் உடைக்க வேண்டியது நீங்கள்தான். தொழில் ஓடத் தொடங்குமுன் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து, பரிசோதனைக் கட்டணம் கட்டினால் வந்து பார்ப்பார்கள்.

படி 4: நிபந்தனைகளை வாசியுங்கள்

பத்திரத்தோடு வரும் நிபந்தனைகளை யாரும் வாசிப்பதில்லை. உண்மையான சட்டம் உங்களுக்கு அதில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, எதிரே யார் பொறுப்பு, எப்போது செய்ய வேண்டும் என்று போடுங்கள். தொட்டி துப்புரவாக்கும் நாள், ஒயில் கொடுத்த நாள், தண்ணீர் சோதித்த நாள் எல்லாம் அதிலேயே வரட்டும்.

முடிவுத் திகதியைப் பெரிதாக எழுதுங்கள். 2008 ஒழுங்கில் ஏ பகுதிக்கு ஒரு வருடம், மற்றதுக்கு மூன்று வருடம். உங்கள் பத்திரத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. தண்ணீர் சோதனை அறிக்கை வர நாளெடுக்கும், ஆகவே மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குவது நல்லது. புதிய இயந்திரம் பூட்டினாலோ வேலையைக் கூட்டினாலோ எழுத்தில் அறிவியுங்கள்.

சத்தத்துக்கும் அளவு உண்டு. 1996 விதிகளின்படி காணி எல்லையில், பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மாநகர, நகரசபைப் பகுதியில் 63, 50. யாழ்ப்பாணம் மாநகர எல்லையைத் தாண்டி நல்லூர் பிரதேச சபைக்குள் கால் வைத்தால் பகல் அளவு 8 குறைகிறது! இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்குகிறது. மரம் அரியும் ஆலைக்காரர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

படி 5: மாற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

அதிவிசேட வர்த்தமானிகள் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைக்கும். 1533/16 என்றால் 1533 என்பது அந்த வாரத்தின் இலக்கம், 16 அந்த வாரத்தில் அதன் வரிசை. மாதத்தில் ஒருநாள் ஒதுக்கிப் பார்த்தால் போதும்.

ஆனால் ஒரு நிறுவனத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். பிளாஸ்டிக் விடயத்தைப் பாருங்கள். 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடையாயின. 2021 மார்ச் 31 முதல் சில வகைச் சிறு சஷே பைகள். 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருதடவை பாவிக்கும் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு வரை. இவையெல்லாம் சுற்றாடல் சட்டத்தின் வழியாக வந்தவை. ஆனால் 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்காமல் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்றது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. சாப்பாட்டுக் கடையோ பலசரக்குக் கடையோ வைத்திருந்தால் இரண்டு பக்கமும் கண் வேண்டும். தடை வரப்போகும் பொருளை மலிவு என்று மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். விற்பவர் அதைத் தள்ளிவிடத்தான் மலிவாகத் தருகிறார்.

படி 6: முறைப்பாடு வந்தால்

பெரும்பாலும் பரிசோதனை வருவது அயலவர் முறையிட்ட பிறகுதான். அனுமதிப்பத்திரம் இருப்பதால் அது உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். பொதுத் தொல்லை என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது. உத்தியோகத்தர் வந்தால் கொப்பியையும் பற்றுச்சீட்டுகளையும் காட்டுங்கள், தொட்டி மூடியை நீங்களே திறந்து காட்டுங்கள். திருத்தச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். செய்து முடித்ததும் படம் எடுத்து, திகதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அதே கொப்பியில் ஒட்டிவிடுங்கள்.