ஹாஃபா, ஃபுல்லா? முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் முன்

சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரியில். ஆனால் பதிவு பல மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும், சீக்கிரம் பெயர் கொடுத்தால் கட்டணமும் குறைவு. அதனால் ஓட ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம்கூட ஆகாதவர்கள் அப்போதே 21 கிலோமீட்டர் ஹாஃபா, 42 கிலோமீட்டர் ஃபுல்லா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "நான் ஃபுல்" என்று போடுவார், பின்னாலேயே நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள், அந்த வேகத்தில் பணத்தையும் கட்டிவிடுவார்கள். அப்புறம் நவம்பரில்தான் யோசனை வரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை எந்தப் பந்தயமும் ஓடாதவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஹாஃப்தான் சரி. ஃபுல் ஓட தைரியம் இருக்கிறதா என்று யாரும் உங்களைக் கேட்க வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் இருக்கிறது. அடுத்த ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் எந்த தூரம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டு மடங்கு என்பது காகிதத்தில்தான்

ஹாஃப் 21.0975 கிலோமீட்டர், ஃபுல் 42.195. சரியாக இரண்டு மடங்கு, ஆனால் உடம்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஓடும்போது ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். 70 கிலோ எடையுள்ளவர் ஹாஃப் முடிக்க சுமார் 1,475 கலோரி, ஃபுல் முடிக்க சுமார் 2,950 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருப்பது தோராயமாக 2,000 கலோரிதான். அதாவது ஹாஃபைக் கையிருப்பை வைத்தே முடித்துவிடலாம், ஃபுல்லை முடியாது. கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது, அதுவும் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். அதனால் 30, 32-ஆவது கிலோமீட்டர் வாக்கில் பலருக்கும் ரிசர்வில் விழுந்த பைக் மாதிரி ஆகிவிடுகிறது. ஓடுபவர்கள் "வால்" (wall, சுவர்) என்று சொல்வது இதைத்தான். கால் நகராது, காரணமில்லாமல் எரிச்சல் வரும், பக்கத்தில் "கமான், இன்னும் கொஞ்சம்தான்" என்று கைதட்டுபவரைப் பார்த்தால் கோபம் வரும்.

இதைத் தள்ளிப்போட முக்கியமான வழி ஓடிக்கொண்டே சாப்பிடுவது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம்தான் இருக்கிறது என்பதால் ஐந்து மணி நேரத்துக்கு எத்தனை பழம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் ஜெல் (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்), பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் என்று ஆளுக்கொன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். எது எடுத்தாலும் வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று லாங் ரன்களில், அதாவது பயிற்சியின் நீண்ட ஓட்டங்களில், பழக்கிப் பார்த்திருக்க வேண்டும், பந்தய நாளில் முதல் தடவையாக ஜெல்லைப் பிரித்தால் அடுத்து தேடுவது கழிவறையைத்தான். ஹாஃபில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. தண்ணீர், கொஞ்சம் உப்பு, இடையில் அரை பழம், போதும்.

வெயில் கணக்கு

சென்னையில் ஓடுபவர்கள் இதைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக ஓடுபவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்பது நியாயமான வேகம். அந்த வேகத்தில் ஹாஃப் 2 மணி 49 நிமிடம், ஃபுல் 5 மணி 38 நிமிடம், அதுவும் எங்கேயும் நிற்காமல், நடக்காமல் ஓடினால். ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பது ஆறரை மணி சுமாருக்கு. ஹாஃப் 5 மணிக்குக் கிளம்பினால் 7:49-க்கு முடித்துவிட்டு இட்லி தேடப் போய்விடலாம். ஃபுல் 4 மணிக்கே கிளம்பினாலும் 32-ஆவது கிலோமீட்டரைத் தொடும்போது மணி 8:16 ஆகியிருக்கும். உடம்பில் கையிருப்பு தீரும் இடமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கிறது, மிச்சம் இன்னும் 10 கிலோமீட்டர் இருக்கிறது. கடற்கரை ஊர் என்பதால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை வழியுமே தவிரக் காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. ஜனவரி குளிர்காலம்தானே என்று சொல்பவர்கள் ஒன்பது மணிக்கு ஈசிஆரில் நிழல் தேடிப் பார்க்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெயிலுக்குப் பயந்து ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடித்துக்கொண்டே போனால் அதுவும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைவாக இருந்தது. நீண்ட நேரம் மெதுவாக ஓடுபவர்களுக்குத்தான் இது அதிகம் வரும், ஏனென்றால் அவர்களுக்குத்தான் குடிக்க நேரம் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், ஓஆர்எஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முடிவு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடத் தெரிந்த ஒருவருக்கு ஹாஃபுக்கு 12 வாரப் பயிற்சி போதும், அதாவது அக்டோபர் நடுவில் ஆரம்பிக்கலாம். ஃபுல்லுக்கு 18 முதல் 20 வாரம், அதுவும் 10 கிலோமீட்டர் ஏற்கெனவே கைவந்திருந்தால். ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்க வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள், ஞாயிறு லாங் ரன் மெதுவாக 16, 18, 21, 24 என்று ஏறி டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் 28, 30 தொடும், அதன்பிறகு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

இப்போது அந்த மாதங்களில் வேறு என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். தீபாவளி. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள், அதில் பாதி வெளியூர்க் கல்யாணங்கள். சபரிமலைக்கு மாலை போடுபவர்களுக்கு செருப்பில்லாத விரத காலமும் 28 கிலோமீட்டர் ஓட வேண்டிய வாரமும் ஒன்றாக வரும். எல்லாவற்றுக்கும் மேல் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் வீட்டை விட்டு வெளியே வரவே வழியில்லாத பகுதிகள் இருந்தன, ஃபுல்லுக்குப் பயிற்சி எடுப்பவருக்கு மிக நீளமான ஓட்டம் விழும் வாரம் அது. ஹாஃப் பயிற்சியில் ஒரு ஞாயிறு மழையில் போனால் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். ஃபுல் பயிற்சியில் கடைசிக் கட்டத்து லாங் ரன் இரண்டு போய்விட்டால் ஈடுகட்ட இடமில்லை, அதை மூன்றாவது வாரத்தில் அவசரமாகச் செய்யப்போய்தான் பலர் முழங்காலையோ குதிகாலையோ கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு ஞாயிறு எப்படிப் போகும் என்றும் பாருங்கள். 30 கிலோமீட்டர், எட்டரை நிமிட வேகம், மொத்தம் நாலேகால் மணி நேரம். நான்கு மணிக்கு ஆரம்பிக்க மூன்று மணிக்கு எழ வேண்டும், அப்படியானால் சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் படுக்கை. எட்டேகாலுக்கு முடித்து, குளித்துச் சாப்பிட்டால் மத்தியானம் தூக்கம்தான். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த ஞாயிற்றை யாரோ ஒருவர் தனியாகச் சமாளிக்கிறார் என்று அர்த்தம், அவரிடம் கேட்காமல் ஃபுல்லுக்குப் பணம் கட்டாதீர்கள். ஹாஃபில் மிக நீளமான ஓட்டமே 18 கிலோமீட்டர்தான், 5 மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வீட்டில் காபி.

நான்கு மணி இருட்டில் பெண்கள் தனியாக ஓடுவதில் உள்ள சிக்கலை நான் விளக்க வேண்டியதில்லை, ஆண்களுக்கும் தெருநாய்கள் இருக்கின்றன. ஃபுல் என்று முடிவு செய்தால் ஒரு குழுவில் சேர்ந்துவிடுவது நல்லது. சென்னை ரன்னர்ஸ் போன்ற அமைப்புகளுக்குப் பகுதிவாரியாகக் குழுக்கள் இருக்கின்றன, உங்கள் ஏரியாவில் அதிகாலை யார் ஓடுகிறார்கள் என்று விசாரித்தால் தெரிந்துவிடும்.

பணம் கட்டும் முன் ஆறு வாரம்

மனசு இன்னும் ஊசலாடுகிறது என்றால் ஆறு வாரம் சோதனை ஓட்டம் ஓடிப் பாருங்கள். வாரம் நான்கு நாள், மூன்று சின்ன ஓட்டம், ஞாயிறு ஒரு நீள ஓட்டம். ஆறாவது வார முடிவில் பக்கத்தில் ஓடுபவரிடம் பேசிக்கொண்டே 10 கிலோமீட்டர் ஓட முடிகிறதா? பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். திங்கட்கிழமை காலையில் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடிகிறதா, செவ்வாய்க்கிழமை மறுபடி ஓட முடிகிறதா என்பது அதைவிட முக்கியம். 24 ஓட்டங்களில் ஆறேழு தவறிப்போயிருந்தால் ஃபுல் வேண்டாம், ஏனென்றால் இந்த ஆறு வாரம்தான் எல்லாவற்றிலும் சுலபமான ஆறு வாரம்.

விதிவிலக்குகள் உண்டு. பந்தயம் எதிலும் ஓடியதில்லை, ஆனால் ஒரு வருடமாக வாரம் 35, 40 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் நேராக ஃபுல்லுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சைக்கிள்காரர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இதயமும் நுரையீரலும் தயாராக இருக்கும், அதனால் முதல் மாதமே வேகமாக ஓடுவார்கள், கால் எலும்பும் தசைநாரும் அந்த அடியைத் தாங்கப் பழக இன்னும் பல மாதம் ஆகும். கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலிக்கிறது என்றால் அது வெறும் உளைச்சல் இல்லாமல் எலும்பு விரிசலாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டர் என்றதும் இன்னொன்று. 40 தாண்டியவர்கள், பிபி, சுகர் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள் எந்த தூரமானாலும் முதலில் ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், மருந்து அளவை டாக்டரிடம் பேசாமல் ஃபுல்லைத் தொடவே கூடாது. காரணமில்லாத களைப்பு இருக்கும் பெண்கள் ஹீமோகுளோபினையும், உடம்பின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது வேண்டாம், வியர்த்து நீர் வற்றிய நேரத்தில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஹாஃப் ஓடிய பிறகு

ஹாஃப் முடித்த நேரத்தை வைத்து ஃபுல் எவ்வளவு ஆகும் என்று கணிக்க பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் சொன்ன சூத்திரம் ஒன்று உண்டு. தூரம் இரட்டிப்பானால் நேரத்தை 2.085-ஆல் பெருக்க வேண்டும். ஹாஃப் இரண்டரை மணி நேரம் என்றால் ஃபுல் 5 மணி 13 நிமிடம். வாரம் 25, 30 கிலோமீட்டர் மட்டும் ஓடுபவர்களுக்கு இது ரொம்ப நம்பிக்கையான கணிப்பு, கூட அரை மணி நேரம் சேர்த்து வையுங்கள். அப்படி வரும் நேரம் பந்தயத்தின் கட்-ஆஃபுக்கு, அதாவது முடிக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு, நெருக்கமாக இருந்தால் இன்னும் ஒரு வருடம் ஹாஃபே ஓடலாம், குடி முழுகிப்போகாது. கோவையில் டிசம்பரில் ஒரு மாரத்தான் நடக்கிறது, பிப்ரவரியில் ஆரோவில்லில் செம்மண் பாதையில் பரிசும் போட்டியும் இல்லாமல் ஓடுகிறார்கள்.

சென்னையில் நடுவழி ஒன்றும் இருக்கிறது. 20 மைல், அதாவது 32 கிலோமீட்டருக்குத் தனிப் பிரிவு. ஹாஃப் முடித்தவர்கள் அடுத்த வருடம் நேராக 42-க்குத் தாவாமல் இதை ஓடிப் பார்க்கலாம், அந்த வால் எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடலாம். எனக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பிடிக்கும், ஏனோ பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

பதிவுப் பக்கத்தில் பணம் கட்டும் முன் விதிகளைப் படியுங்கள். மொத்த கட்-ஆஃப் மட்டும் பார்த்தால் போதாது, இடையில் இந்த இடத்தை இத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று தனிக் கட்-ஆஃப் இருக்கலாம். அப்புறம் பிரிவை மாற்ற முடியுமா, எந்தத் தேதி வரை, பெரிய தூரத்திலிருந்து சின்ன தூரத்துக்கு இறங்க விடுவார்களா என்று பாருங்கள். பணம் திரும்ப வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட் அளவு கேட்பார்கள், சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள், ஆனால் பந்தயத்தன்று அதைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். துவைக்காத புதுத் துணி அக்குளில் உராய்ந்து 15-ஆவது கிலோமீட்டரிலேயே தோலை உரித்துவிடும்.