இறுக்கமான வளைவிலும் மாடல் ரயில் தடம் புரளாமல் ஓட

ஒரு மேசை அளவு இடத்துக்குள் முழுச் சுற்று போட வேண்டும் என்றால் வளைவு இறுக்கமாகத்தான் வரும், வேறு வழியில்லை. பெட்டி கவிழ்ந்தால் எல்லாரும் வளைவின் ஆரத்தைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் எங்கே கவிழ்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் வளைவின் நடுவில் இருக்காது. நேர்த்தடம் முடிந்து வளைவு தொடங்கும் இடத்திலோ, வளைவுக்குள் இருக்கும் ஒரு ஜாயின்டிலோதான் இருக்கும். அதனால் ஆரத்தை விட அந்த இடங்களில்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும்.

ஆரத்தை முதலில் முடித்துவிடலாம். எச்ஓ, ஓஓ என்ற இரண்டு மாடல் அளவுகளுக்குமே தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ.தான். பிரிட்டிஷ் செட் ட்ராக்கில் (வடிவம் மாறாத தயார் துண்டுகள்) முதல் ஆரம் 371 மி.மீ., இரண்டாவது 438, மூன்றாவது 505. அமெரிக்க செட்களில் 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. பரவலாக வரும். ஆரம் உங்களிடம் இருக்கும் மிக நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும் என்பது ஒரு நல்ல கைக்கணக்கு. 15 செ.மீ. பெட்டிக்கு 45 செ.மீ. போதும், 30 செ.மீ. பயணிகள் பெட்டிக்கு 90 செ.மீ. வேண்டும். சில நீளப் பெட்டிகளை 438லும் ஓடும்படி செய்து விற்கிறார்கள், ஓடவும் செய்கின்றன, ஆனாலும் சின்ன இடத்துக்குச் சின்ன எஞ்சினும் குட்டைப் பெட்டிகளும்தான் சரி என்பது என் கருத்து. பார்க்கவும் அதுதான் அழகு.

இப்போது வளைவின் தொடக்கம். நேர்த்தடத்திலிருந்து திடீரென்று 45 செ.மீ. ஆரத்துக்குள் நுழையும்போது முன்பெட்டி திரும்பிவிடும், பின்பெட்டி இன்னும் நேராகவே நிற்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் பக்கவாட்டில் இழுக்கும். இதைத் தணிக்க, செட் ட்ராக் என்றால் வளைவின் இரண்டு முனையிலும் பெரிய ஆரத் துண்டு ஒவ்வொன்று போடுங்கள். ஃபிளெக்ஸ் ட்ராக் (நாமே வளைத்துக்கொள்ளும் ட்ராக்) என்றால் இன்னும் நன்றாகச் செய்யலாம்: நேர்த்தடத்தின் நடுக்கோட்டை, அது வளைவைத் தொட வேண்டிய கோட்டிலிருந்து 8 மி.மீ. வெளியே தள்ளி வரைந்துகொண்டு, ஒரு மெல்லிய மரப்பட்டையை அதிலிருந்து வளைவுக்கு இயல்பாக வளையவிட்டு, அந்தக் கோட்டின் மேல் ட்ராக்கைப் பதியுங்கள். 45 செ.மீ. ஆரத்துக்கு இப்படிச் சுமார் 30 செ.மீ. நீளத்தில் படிப்படியாக இறுகும் வளைவு கிடைக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தைக் கொடுத்துவிட்டு இவ்வளவு பலன் வேறு எதிலும் வராது.

இடப்பக்க வளைவு முடிந்ததும் உடனே வலப்பக்க வளைவு போடாதீர்கள். நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்தடம் வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிகளின் பஃபர்கள் (முனையில் நீட்டியிருக்கும் முட்டுத் தாங்கிகள்) ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஜாயின்ட். ஃபிளெக்ஸ் ட்ராக்கை வளைத்துவிட்டுச் சேர்த்தால் முனைகள் நேராகத் திமிறி, சேரும் இடத்தில் ஒரு மூக்கு போல முறிவு விழும். அதனால் இரண்டு துண்டையும் நேராக வைத்தே ஜாயினரில் (தண்டவாள முனைகளைச் சேர்க்கும் சிறு உலோகத் துண்டு) சால்டர் செய்து, ஆறியபிறகு ஒன்றாக வளையுங்கள், மிஞ்சும் தண்டவாளத்தைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். முடிந்ததும் நகத்தைத் தண்டவாளத்தின் உள்பக்கமாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும், மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். போனை ட்ராக் மட்டத்தில் வைத்து நீளவாக்கில் ஒரு படம் எடுத்தால், மேலிருந்து பார்க்கும்போது தெரியாத முறிவெல்லாம் பளிச்சென்று தெரியும்.

வளைவில் எஞ்சின் திணறுவது பழுதல்ல. ஒரு முழு வட்டத்தில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தை விடச் சுமார் 104 மி.மீ. நீளம், ஆரம் எதுவாக இருந்தாலும் இதே கணக்குதான். ஒரே அச்சில் இறுகியிருக்கும் இரண்டு சக்கரங்களில் ஏதோ ஒன்று அந்த வித்தியாசத்துக்கு வழுக்கியாக வேண்டும், சின்ன வட்டத்தில் அந்த வழுக்கல் குறைந்த தூரத்துக்குள் நடப்பதால் இழுவை கூடுகிறது. அதனால் இறுக்கமான வளைவில் ஏற்றம் வைக்காதீர்கள், மட்டமாகவே விடுங்கள்.

மின்சாரத்துக்கு ஜாயினரை நம்ப வேண்டாம். சுற்றின் எதிர்ப்பக்கம் ரயில் மெதுவானால் அங்கே கரண்ட் குறைகிறது என்று அர்த்தம், இரண்டு தண்டவாளத்துக்கும் அங்கேயும் தனியாக ஒயர் இறக்குங்கள். தடம் வளைந்து வந்து தன்னோடே திரும்பச் சேரும் லூப் போட்டால் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். லூப்பின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டிப் பிரித்து, அந்தப் பகுதிக்குத் தனியாகத் துருவம் மாற்றும் ஸ்விட்ச் வைக்க வேண்டும், டிசிசி (ரயிலை டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தும் முறை) என்றால் அதைத் தானே மாற்றும் கருவி கிடைக்கிறது. லூப் உங்கள் ரயிலை விட நீளமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே பெட்டி மட்டும் விழுந்தால் ட்ராக்கை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும், வெர்னியர் அளவுகோலில் அளந்து தேவைப்பட்டால் சக்கரத்தை மெல்லத் திருகி நகர்த்துங்கள். எடையையும் பாருங்கள்: எச்ஓவில் 15 செ.மீ. பெட்டிக்கு 113 கிராம் அளவு நல்லது. எடை குறைந்த நீளப் பெட்டியை எஞ்சினுக்கு அடுத்து மாட்டினால் பின்னால் இருக்கும் பாரம் அதை வளைவின் உள்பக்கமாக இழுத்துச் சாய்த்துவிடும், கனமானதை முன்னாலும் லேசானதைக் கடைசியிலும் மாட்டுங்கள். கடைசியாக முழு ரயிலையும் பின்னோக்கித் தள்ளி ஓட்டிப் பாருங்கள், முன்னால் போகும்போது ஒளிந்திருந்த கோளாறெல்லாம் அதில்தான் வெளியே வரும்.