ஸ்டாண்ட்பை சர்வர்: அமைக்கும் நாளிலேயே நடந்துவிடும் தவறுகள்

இனி தேவையில்லை என்று பழைய ஸ்டாண்ட்பை மெஷின் ஒன்றை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அணைத்துவிட்டுப் பெருங்குடியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினேன். (ஸ்டாண்ட்பை என்பது முதன்மை டேட்டாபேஸ் விழுந்தால் அதன் இடத்தில் நிற்க வைத்திருக்கும் நகல் மெஷின்; அந்த முதன்மைதான் பிரைமரி.) ஞாயிறு விடியற்காலை போன் வந்தது, பிரைமரி டேட்டாபேஸ் விழுந்துவிட்டது என்று. அணைத்தது ஸ்டாண்ட்பையைத்தானே, பிரைமரியைத் தொடவே இல்லையே, அது ஏன் விழ வேண்டும்? உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம். பிஜி_வால் ஃபோல்டர் மட்டும் முக்கால்வாசி இடத்தைத் தின்றிருந்தது; எல்லாம் 16 எம்பி ஃபைல்கள், கீழே போகப் போக முடியவே இல்லை.

மெஷினை அணைத்தேனே தவிர, அதற்காகப் பிரைமரியில் உருவாக்கியிருந்த ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்கவில்லை. நாங்கள் ஓட்டும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் எந்த மாற்றத்தையும் முதலில் வால் (WAL) என்ற பதிவில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கும். ஸ்டாண்ட்பை அந்தப் பதிவை வாங்கி வாங்கித் தன்னிடமும் அதே மாற்றங்களைச் செய்துகொள்கிறது. ஸ்லாட் என்பது ‘இவன் இதுவரைதான் வாங்கியிருக்கிறான், மீதியை அழித்துவிடாதே’ என்று பிரைமரியில் வைக்கும் அடையாளம். அந்த ஸ்டாண்ட்பை திரும்பி வரவே போவதில்லை என்று பிரைமரிக்கு யார் சொல்வது? அது ஃபைல் ஃபைலாகச் சேர்த்துக்கொண்டே இருந்து, இடம் தீர்ந்ததும் லாகில் பேனிக் என்று எழுதிவிட்டு நின்றுவிடும்.

அந்த நேரத்தில் கை தானாக அந்த ஃபைல்களை அழிக்கப் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள், டேட்டாபேஸ் மீண்டு எழுவதற்குத் தேவையான ஃபைலும் அதில்தான் இருக்கிறது. டிஸ்க்கைக் கொஞ்சம் பெரிதாக்கி, டேட்டாபேஸை எழுப்பி, அனாதையாகக் கிடக்கும் ஸ்லாட்டை டிராப் செய்யுங்கள், மாற்றங்களை டிஸ்க்கில் ஒழுங்காக எழுதி முடிக்கும் அடுத்த செக்பாயின்ட்டில் போஸ்ட்கிரஸே தேவையற்றதைத் துடைத்துவிடும். 2020-ல் வந்த 13-ம் பதிப்பிலிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, ஸ்லாட்டுக்காக எவ்வளவு வரை சேர்த்துவைக்கலாம் என்று வரம்பு கட்டுவதற்கு. நாமாகப் போடாவிட்டால் வரம்பே கிடையாது, அதனால் முதல் நாளே போட்டுவிடுங்கள். வரம்பு தாண்டினால் ஸ்டாண்ட்பையைப் புதிதாக அமைக்க வேண்டி வரும், உண்மைதான், ஆனால் ஸ்டாண்ட்பையைக் காப்பாற்றப் போய் பிரைமரியை இழப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த மாதிரித் தவறுகள் எல்லாம் அமைக்கும் நாளில்தான் நடக்கின்றன, வெளியே தெரிவது மாதங்கள் கழித்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரைமரியும் ஸ்டாண்ட்பையும் ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில் ஓடினால் அந்த ஏற்பாடு டிஸ்க் கெட்டாலோ போர்டு போனாலோதான் உதவும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2016 டிசம்பர் 12 வர்தாவையும், 2023 டிசம்பர் மிக்ஜாமையும் பார்த்த ஊர் நம்முடையது. கரன்ட்டும் நெட்டும் சேர்ந்து போனால் எத்தனை நாள் ஆகும் என்று வேளச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஸ்டாண்ட்பையாவது வேறு ஊரில் இருக்கட்டும், மும்பையோ ஹைதராபாத்தோ.

சரி, வேறு ஊரில் வைத்தாயிற்று. அடுத்து ‘ஒரு பைசா டேட்டாகூடப் போகக் கூடாது’ என்று அதையே சிங்க்ரனஸ் ஆக்குவார்கள், அதாவது ஸ்டாண்ட்பை ‘வாங்கிவிட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் பிரைமரியில் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது) முடியும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்றால், போய்த் திரும்பவே குறைந்தது 10 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் அதிகம், அதை ஒவ்வொரு கமிட்டும் காத்திருந்து தாங்க வேண்டும். அதைவிட மோசம், இருக்கும் ஒரே சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை விழுந்தால் பிரைமரியில் கமிட் எல்லாம் அப்படியே தொங்கிவிடும், எரர் கூட வராது. ஆப் பக்கம் இருப்பவர்கள் நெட்வொர்க் பிரச்சினை என்று மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். சிங்க்ரனஸ் வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு ஸ்டாண்ட்பை வையுங்கள், அதில் ஏதாவது ஒன்று பதில் சொன்னால் போதும் என்று அமையுங்கள். 10-ம் பதிப்பிலிருந்து இதற்கு வழி இருக்கிறது.

கண்காணிப்பில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று. ஸ்டாண்ட்பை கடைசியாகப் போட்ட டிரான்சாக்‌ஷனின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்து, அதையே லேக் (பின்தங்கல்) என்று அலர்ட் வைப்பார்கள். ராத்திரி யாரும் எதுவும் எழுதாத நேரத்தில் அந்த எண் சும்மாவே ஏறும். நாலு நாள் தூக்கம் கெட்டதும் ஒருவர் அலர்ட்டை அணைத்துவிடுவார், அப்புறம் உண்மையாகவே லேக் வரும்போது கேட்க ஆளிருக்காது. பிரைமரியில் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் என்ற பட்டியலைப் பார்த்து, எத்தனை பைட் பின்தங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: ஸ்டாண்ட்பை தொடர்பு அறுந்தால் அதன் வரி அங்கிருந்தே காணாமல் போய்விடும். லேக் அதிகமானால் கத்து என்று மட்டும் எழுதிய அலர்ட், வரியே இல்லாதபோது வாயைத் திறக்காது. வரி இல்லை என்பதற்கும் தனியாக ஓர் அலர்ட் வையுங்கள்.

ரெப்ளிகேஷன் டேட்டாவைத்தான் கொண்டுபோகும், கான்ஃபிக் ஃபைல்களை அல்ல. ஆறு மாதத்துக்கு முன் ஒரு புதிய ஆப் சர்வருக்குப் பிரைமரியின் பிஜி_ஹெச்பிஏ ஃபைலில் அனுமதி கொடுத்திருப்பீர்கள், ஸ்டாண்ட்பையில் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஃபெயில்ஓவர் நாளில், அதாவது ஸ்டாண்ட்பை பிரைமரியின் இடத்துக்கு வரும் நாளில், அந்த ஒரு சர்வர் மட்டும் உள்ளே வர முடியாமல் நிற்கும். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் போன்ற சில எண்கள் ஸ்டாண்ட்பையில் பிரைமரியைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. ஏற்றும்போது முதலில் ஸ்டாண்ட்பையில் ஏற்றுங்கள், குறைக்கும்போது முதலில் பிரைமரியில். இரண்டு மெஷினிலும் ஓஎஸ் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி (glibc) 2.28-ல் எழுத்து வரிசைப்படுத்தும் விதம் மாறியது, ஒரு பக்கம் பழையதும் மறுபக்கம் புதியதும் இருந்தால் ஸ்டாண்ட்பையில் இண்டெக்ஸ் வழியாகத் தேடும்போது இருக்கும் வரியையே இல்லை என்று சொல்லக்கூடும்.

ஸ்டாண்ட்பை இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். எந்த வரிகள் என்று சொல்லும் WHERE போடாமல் அடித்த டெலீட் ஸ்டாண்ட்பைக்கும் அடுத்த நொடியே போய்விடும், அவ்வளவுதான். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடு வைக்கும் தளமான கிட்லாபில் நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்: பின்தங்கிய செகண்டரியைச் சரிசெய்யும் அவசரத்தில் ஒருவர், செகண்டரி என்று நினைத்துப் பிரைமரியின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பை எடுக்கப் போனால் அது பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது, தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. இதைப் படித்த அன்றே எங்கள் பிரைமரியில் கமாண்ட் அடிக்கும் இடத்தில் தெரியும் ப்ராம்ப்ட்டைச் சிவப்பாக்கினோம், எந்த மெஷினில் இருக்கிறோம் என்று மறக்காமலிருக்க.

ஸ்டாண்ட்பையைப் பிரைமரியாக ஏற்றிய (ப்ரமோட் செய்த) பிறகு பழைய பிரைமரி தானாக எழுந்து வந்து புதிய டேட்டாவை எழுதிக்கொள்ள ஆரம்பிப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம். இரண்டு பக்கமும் வேறு வேறு ஆர்டர் விழுந்துவிட்டால் எது நிஜம் என்று கையால் பிரிக்க வேண்டும். 2018 அக்டோபரில், கிட்லாப் போன்ற இன்னொரு தளமான கிட்ஹப்பில் நெட்வொர்க் அறுந்தது வெறும் 43 நொடி, அவர்களுடையது மைஎஸ்க்யூஎல் என்ற வேறு டேட்டாபேஸ். அமெரிக்காவின் இரண்டு கரையிலும் தனித்தனியாக எழுதப்பட்ட டேட்டாவைச் சமாளித்து முழுதாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. ப்ரமோட் செய்வதற்கு முன் பழையதை நிஜமாகவே நிறுத்துங்கள். பின்னால் பிஜி_ரிவைண்ட் என்ற கருவியை வைத்து அதையே ஸ்டாண்ட்பை ஆக்கலாம், ஆனால் டேட்டா செக்சம், வால்_லாக்_ஹின்ட்ஸ் என்ற செட்டிங்குகளில் ஒன்றையாவது முன்பே ஆன் செய்திருந்தால்தான் அது வேலை செய்யும். இதுவும் முதல் நாள் வேலை.

நாங்கள் முதன்முறை ஒத்திகை பார்த்தபோது ப்ரமோட் சில நொடிகளில் முடிந்தது. மீதி முக்கால் மணி நேரம், யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு மெஷினில் ஓடிய ராத்திரி ரிப்போர்ட் ஸ்கிரிப்ட்டில் பழைய ஐபி எழுதியிருந்ததைத் தேடுவதில் போனது. இப்போது வருடா வருடம் செப்டம்பரில் செய்கிறோம், வடகிழக்குப் பருவமழை ஆரம்பிப்பதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில், எல்லாரும் சீட்டில் இருக்கும்போது.