சிசேரியன் தையலில் கசிவு: எதைப் பார்க்க வேண்டும், எப்போது ஓட வேண்டும்

தையலில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் 4-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில்தான் தெரியவரும். அதற்குள் பலர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதன் பிறகும் 30 நாள் வரை வரலாம். சர்க்கரை நோய், ரத்தசோகை, அதிக உடல் எடை இருந்தாலோ, பனிக்குடம் உடைந்து நெடுநேரம் வலியில் கிடந்த பிறகு அறுவை நடந்திருந்தாலோ வாய்ப்பு கூடுதல்.

தினமும் ஒரு தடவை, கையைச் சோப்பால் கழுவிவிட்டு, தாயை மல்லாக்கப் படுக்கவைத்து அடிவயிற்று மடிப்பைத் தூக்கிப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் தையல் மடிப்புக்குள் மறைந்துவிடும். இரண்டு ஓரங்களையும் விட்டுவிடாதீர்கள். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள். தோல் பளபளப்பாகக் கெட்டிப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். நிறம் மாறிய இடத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

என்ன கசிகிறது என்பது முக்கியம். வெளிர்மஞ்சளாகத் தெளிந்த நீர் நாலைந்து சொட்டு என்றால் தோலுக்கடியில் நீர் கோத்திருக்கலாம். சிறியதென்றால் தானே வற்றும், ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கறுத்த பழைய ரத்தம் வந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். கெட்டியாக, நாற்றத்தோடு வருவது சீழ். இதற்கு மாத்திரை மட்டும் போதாது. டாக்டர் சில தையல்களைப் பிரித்துச் சீழை வெளியேற்றிக் கழுவுவார். தையலைப் பிரித்துவிட்டார்களே என்று வீட்டில் எல்லாரும் பயந்துபோவார்கள். ஆனால் சரியான வைத்தியமே அதுதான். அந்தப் பள்ளம் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். மேல்தோல் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடியும் சீழ் சேரும். அதனால்தான் டாக்டர் சொல்லும் நாள்வரை விடாமல் கட்டு மாற்ற வேண்டியிருக்கிறது. பள்ளம் பெரிதாக இருந்தால், புண் சுத்தமான பிறகு மறுபடி தையல் போடுவதும் உண்டு.

இருமும்போதோ எழும்போதோ ஏதோ பிரிந்ததுபோல் உணர்ந்து, இளஞ்சிவப்பு நீர் திடீரென்று குபுக்கென வந்தால், உள்ளே வயிற்றுச் சுவரின் தையலே விட்டிருக்கலாம். படுக்கவைத்து, சுத்தமான ஈரத் துணியால் மூடி, சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது. பார்க்கிற புண்ணுக்குப் பொருந்தாத கடும் வலி, தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுவது, கொப்புளம் இவையும் இதே அவசரம்தான்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் அடித்து, தீட்டு நாற்றமெடுத்து, அடிவயிறும் வலித்தால் கர்ப்பப்பையில் கிருமி இருக்கலாம். தையல் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.

குளித்ததும் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மடிப்பில் சுத்தமான காய்ந்த பருத்தித் துணியை வையுங்கள்; வியர்வையில் நனைந்தால் மாற்றுங்கள். மஞ்சள், வேப்பிலை விழுது, எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வயிற்றில் அடித்து ஊற்றுவதும் கூடாது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பைக் குறைத்தால் புண் ஆறத் தாமதமாகும், தண்ணீரையும் குறைக்காதீர்கள்.

மருந்துக் கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். பால் கொடுப்பதை டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ற மருந்தை எழுதித் தருவார். அவர் சொல்லாமல் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.